முதலில் ஈரம், பிறகு கந்தகம்: வாசகர் கேள்வி – பதில்

நீலகிரி, பழனி மலை வாசகர்கள் அனுப்பியவற்றில், வாயுவிலிருந்து கந்தகத்தைப் பிரிப்பது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: காய்கறி மண்டிக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு பயோகேஸ் கலன் இருக்கிறது. தினமும் சுமார் 20 கன மீட்டர் வாயு வருகிறது. முட்டைக்கோஸ் இலை, காலிஃப்ளவர் தண்டு, முள்ளங்கி, கழித்த பூண்டு எல்லாம் அதற்குள்தான் போகின்றன. அடுப்பின் பித்தளை வால்வுகள் கறுத்து இறுகிவிடுகின்றன. ஜெனரேட்டரில் இன்ஜின் ஆயில் சீக்கிரமே கெட்டுப்போகிறது. கண்ணாடிச் சோதனைக் குழாயில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயு 1,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,600 பங்கு) காட்டியது. கோயம்புத்தூர் கடையில், "13எக்ஸ் சீவ் 5 கிலோ போட்டு ஒரு டிரம் வையுங்கள், போதும்" என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். 13எக்ஸ் என்பது நல்ல ஜியோலைட்தான், அதாவது நுண்துளைகளுக்குள் மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் உருண்டைச் சரக்கு. ஆனால் உங்கள் வாயுவுக்கு அது வர வேண்டிய இடம் வரிசையின் கடைசி. முதலில் வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் அந்த 1,600 என்ற எண்ணைத் திருத்த வேண்டும். சோதனைக் குழாயின் கைப்பம்பு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே கொள்ளளவு வாயுவைத்தான் இழுக்கும். குழாயின் அளவுக்கோடுகள் கடல்மட்ட அழுத்தத்துக்குப் போட்டவை. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான். ஓர் இழுப்பில் வரும் மூலக்கூறுகள் குறைவு, ஆகவே கறையும் குட்டையாகத் தெரியும். கோத்தகிரியில் காட்டிய எண்ணை 1.24ஆல் பெருக்குங்கள். ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்கு 1.3. உங்கள் வாயுவில் உண்மையில் இருப்பது 2,000 பிபிஎம்.

20 கன மீட்டரில் 2,000 பிபிஎம் என்றால் 40 லிட்டர் ஹைட்ரஜன் சல்ஃபைடு. உங்கள் ஊர் அழுத்தத்தில், 15 டிகிரி வெப்பத்தில், அதன் எடை ஏறத்தாழ 46 கிராம். அதே 20 கன மீட்டரில் கலனிலிருந்து ஈரம் நிறைந்து வரும் நீராவி 15 டிகிரியில் 256 கிராம். பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் கரியமில வாயுவோ சுமார் 12 கிலோ. இந்த மூன்றும் ஒன்றாகத்தான் ஜியோலைட்டுக்குள் நுழைகின்றன. 13எக்ஸின் உள்ளே சோடியம் அயனிகள் இருக்கின்றன. மின்முனைவு அதிகமுள்ள மூலக்கூறை அவை இறுகப் பிடிக்கும். அந்த வரிசையில் நீர்தான் முதல். அதற்குப் பின் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள கந்தகச் சேர்மங்கள், அதற்குப் பின் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அப்புறம்தான் கரியமில வாயு, மீத்தேன்.

நல்ல 13எக்ஸ் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பிடிக்கும். 5 கிலோ சரக்கு 1 கிலோ நீரோடு நிரம்பிவிடும். நாளுக்கு 256 கிராம் என்றால் நான்கு நாள். மேட்டுப்பாளையத்திலேயே நிரம்பிய பேருந்தில் வழியில் ஏறுபவருக்கு இடம் இல்லாததைப் போன்ற நிலைதான். இதில் இன்னும் மோசம், பின்னால் வரும் நீர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கந்தகத்தை எழுப்பி வெளியே தள்ளும். நான்காம், ஐந்தாம் நாளில் டிரம்மிலிருந்து வரும் வாயுவில் உள்ளே போனதைவிட அதிக கந்தகம் இருக்கலாம். "சீவ் போட்ட பிறகு நாற்றம் கூடிவிட்டது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். சரக்கில் குறை இல்லை, வைத்த இடத்தில்தான் குறை.

உங்களுக்கு ஏற்ற வரிசை இது. கந்தகம் எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்குங்கள். கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி குடும்பத்துச் செடிகளில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் இயல்பாகவே உண்டு. பூண்டு, வெங்காயம் இரண்டிலும் வேறு வகைக் கந்தகச் சேர்மங்கள். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்குக் கழிவோடும் சாணத்தோடும் கலந்து, கோஸ் வகையை ஒரே நாளில் கொட்டாமல் பிரித்துப் போட்டாலே உச்ச அளவு இறங்கும்.

இரண்டாவது, கலனின் மேல்வெளியில் மிகக் கொஞ்சம் காற்று விடுவது. வாயுவின் அளவில் 3 விழுக்காடு போதும். உங்களுக்கு அது நாளுக்கு 600 லிட்டர், மணிக்கு 25 லிட்டர். ஈரமான சுவரிலும் நுரையிலும் வளரும் பாக்டீரியாக்கள் அந்த ஆக்சிஜனை எடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை மஞ்சள் கந்தகமாக மாற்றிவிடும். மீன் தொட்டிப் பம்பு இதைவிடப் பல மடங்கு காற்றைத் தள்ளும். ஆகவே ஊசி வால்வும் ஓட்டமானியும் இல்லாமல் அதை இணைக்கக் கூடாது. ஒருவழி வால்வும் கட்டாயம். காற்றின் பங்கு எந்த நேரத்திலும் 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வாயு உற்பத்தி நின்ற நாளில் பம்பையும் நிறுத்துங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் இந்தப் பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும் என்பதால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. வாயுவைச் சிலிண்டரில் அடைக்கும் எண்ணம் இருந்தால் காற்று விடவே வேண்டாம். காற்றோடு வரும் நைட்ரஜனைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

மூன்றாவதுதான் முக்கியமான வேலையாள்: இரும்பு ஆக்சைடு உருண்டைகள். 160 மி.மீ. பிவிசி பைப்பில் 1 மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் 20 லிட்டர் கொள்ளும். ஏறத்தாழ 15 கிலோ. இப்படி இரண்டை அடுத்தடுத்து வையுங்கள். வாயு மேலிருந்து கீழே போகட்டும். ஊறும் நீர் அடியில் வடிந்துவிடும். கலனுக்கும் வாயுச் சேமிப்புக்கும் நடுவில் வைத்தால் ஓட்டம் நாள் முழுவதும் ஒரே சீராக இருக்கும், வாயு ஒவ்வொரு குழாயிலும் ஒன்றரை நிமிடம் தங்கும். சேமிப்புக்குப் பின்னால் வைத்து ஜெனரேட்டரை ஓட்டினால் அதே குழாயில் சில நொடிகளே தங்கும். அதனால் கந்தகம் தப்பிப் போகும்.

1 கிலோ இரும்பு ஆக்சைடு கணக்குப்படி 640 கிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடிக்க வேண்டும். உருண்டையில் களிமண்ணும் உண்டு, மையம் வரை வாயு போவதும் இல்லை. கிலோவுக்கு 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், 15 கிலோ உங்களுக்கு இரண்டு மாதம் உழைக்கும். இதற்கு ஈரம் வேண்டும். உலர்ந்தால் வேலை செய்யாது. ஆகவே உலர்த்தி எதுவும் இதற்கு முன்னால் வரக் கூடாது. குளிரில் வினை மந்தமாகும் என்பதால் பகல் வெயில் விழும் சுவரோரம் நிறுத்துங்கள்.

முதல் குழாயிலிருந்து வாயு வெளியேறும் இடத்தில் ஈய அசிட்டேட் தாள் (ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் கறுக்கும் சோதனைத் தாள்) கறுக்கத் தொடங்கியதும் அந்தக் குழாயைக் கழற்றி, இரண்டாவதை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, புதியதைப் பின்னால் வையுங்கள். கழற்றிய கறுப்பு உருண்டை இரும்பு சல்ஃபைடு. உலர்ந்த நிலையில் காற்றுப் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கழற்றுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றி நனைத்து, வெட்டவெளியில் ஒரு கைப்பிடி உயரத்துக்கு மிகாமல் பரப்பி, இரண்டு மூன்று நாள் ஈரமாகவே வைத்தால் கறுப்பு மறுபடி துருநிறத்துக்குத் திரும்பும். இப்படி இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். அதற்கு மேல் கந்தகம் துளைகளை அடைத்துவிடும்.

அடுப்புக்கும் ஜெனரேட்டருக்கும் இதோடு போதும். பித்தளை வால்வுகளை எடுத்துவிட்டு எஃகு அல்லது பிவிசி பந்து வால்வு போடுங்கள். வாயுக் குழாயை 100 செ.மீ.க்கு 1 செ.மீ. சரிவு வைத்து, தாழ்ந்த இடத்தில் நீர் வடிப்பான் வையுங்கள். இன்ஜினை அடிக்கடி நிறுத்தி ஓட்டாதீர்கள். குளிர்ந்த சிலிண்டர் சுவரில்தான் கந்தக டைஆக்சைடும் நீரும் சேர்ந்து அமிலமாகி ஆயிலைக் கெடுக்கின்றன. ஜியோலைட்டுக்கு வேலை வருவது, வாயுவை அழுத்திச் சிலிண்டரில் நிரப்பும்போதுதான். அதற்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 16087) கன மீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் கூடாது என்கிறது. இரும்பு ஆக்சைடு விட்டுவைத்த மிச்சத்தைத் துடைத்தெடுக்க அப்போது 13எக்ஸ் வாங்குங்கள், உலர்த்திக்குப் பின்னால் வைப்பதற்கு.

கேள்வி: எங்கள் பயோகேஸ் கலனைச் சுத்தம் செய்ய மூடியைத் திறந்தபோது பயங்கர அழுகிய முட்டை நாற்றம். கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விட்டது. இறங்கலாமா என்று வேலையாள் கேட்கிறார்.
– வாசகி, குன்னூர்

பதில்: இறங்கவே கூடாது. நாற்றம் போனது என்பதற்கு வாயு போனது என்று பொருள் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடை மூக்கு 1 பிபிஎம்முக்கும் மிகக் குறைவான அளவிலேயே கண்டுபிடிக்கும். 100 பிபிஎம்மை நெருங்கும்போது மோப்ப நரம்பு மரத்துவிடும். 500க்கு மேல் சில நிமிடங்களில் மயக்கம், 1,000ஐ ஒட்டி ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார்கள். காற்றைவிட இந்த வாயு கனமானது, குழிக்குள்ளேயே தேங்கும். மலையில் காற்றோட்டமில்லாத பனிமூட்ட நாளில் இன்னும் அதிக நேரம் தேங்கும். அடிச்சேற்றைக் கிளறும்போது புதிதாகக் கிளம்பும் வாயுதான் பெரும்பாலும் ஆளைக் கொல்கிறது. மூடியைத் திறந்து காயவிட்டது அதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது. முதல் ஆள் விழுந்ததும் தூக்கப் போகும் இரண்டாவது, மூன்றாவது ஆளும் விழுவதே இந்த விபத்துகளின் வழக்கம். சேற்றை வெளியிலிருந்து பம்பு வைத்து இறைக்க வைக்கலாம். ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்று பயிற்சி பெற்ற குழு, வெளிக்காற்று தரும் முகமூடி, இடுப்புக் கயிறு, வாயு அளவிடும் கருவி எல்லாம் வந்த பிறகுதான். தொழிற்சாலைகளுக்கான சட்டம் எட்டு மணி நேரச் சராசரியாக அனுமதிப்பது 10 பிபிஎம் மட்டுமே. அந்தக் கருவி சுழியம் காட்டாதவரை மூடிக்கு மேல் குனிந்துகூடப் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வேதிப் பொறியியல் படிக்கிறேன். பெரிய இயற்கை எரிவாயு ஆலைகளில் அமீன் கரைசலால் கழுவிய பிறகும் ஜியோலைட் கலன்கள் இருப்பதாகப் பாடத்தில் வருகிறது. ஏற்கெனவே கந்தகம் போன பிறகு அது எதற்கு? எந்த வகை, எப்படி இயக்குகிறார்கள்?
– மாணவி, உதகமண்டலம்

பதில்: காரத் தன்மை உள்ள அமீன் கரைசல் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் கரியமில வாயுவையும் நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் இரண்டும் அமிலத் தன்மை உள்ளவை. மெர்காப்டன்கள் மிக வலுவற்ற அமிலங்கள். அவற்றில் பெரும்பகுதி அமீனைக் கடந்து வந்துவிடும். அதோடு, அமீன் ஒரு நீர்க்கரைசல் என்பதால் வெளிவரும் வாயு முழு ஈரத்தோடு வரும். குளிரூட்டித் திரவமாக்கும் ஆலைக்கு அந்த ஈரம் பனிக்கட்டியாகிக் குழாயை அடைக்கும். ஆகவே ஜியோலைட் கலனுக்கு இரண்டு வேலை: ஈரத்தை எடுப்பது, மெர்காப்டனை எடுப்பது.

வகையைத் தீர்மானிப்பது நுண்துளை வாயிலின் அளவு. 3ஏ வாயில் சுமார் 0.3 நானோமீட்டர், நீர் மட்டும் நுழையும். 4ஏயில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் (0.36 நானோமீட்டர்) நுழையும். 5ஏயில் நேர்ச்சங்கிலி மெர்காப்டன்கள் நுழையும். கிளைத்த, பருத்த கந்தகச் சேர்மங்களுக்கு 13எக்ஸ் வேண்டும். ஒரே கலனில் வாயு நுழையும் மேற்பக்கம் 4ஏ அடுக்கு, அதற்குக் கீழே 13எக்ஸ் அடுக்கு என்று போடுவது வழக்கம். மேலடுக்கு ஈரத்தைத் தடுத்துவிட்டால்தான் கீழடுக்கில் மெர்காப்டனுக்கு இடம் இருக்கும். கோத்தகிரி வாசகருக்குச் சொன்ன அதே நியாயம் பெரிய ஆலையில் ஒரே கலனுக்குள் நடக்கிறது.

இயக்கம் சுழற்சி முறை. இரண்டு முதல் நான்கு கலன்கள். ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று சூடேறும், வேறொன்று ஆறும். பிடிக்கும் நேரம் பெரும்பாலும் 8 முதல் 12 மணி. வாயு மேலிருந்து கீழாகப் போகும். வேகமான ஓட்டம் கீழிருந்து வந்தால் உருண்டைகளைத் தூக்கி உரசிப் பொடியாக்கிவிடும். சூடாக்கும் வாயு மட்டும் கீழிருந்து மேலே, 250 முதல் 300 டிகிரி வரை. கலனின் கீழ்முனை தூய வாயு வெளியேறும் முனை. முதலில் சூடேறி முழுதாகச் சுத்தமாக வேண்டியது அதுதான்.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்தச் சூடாக்கலில். அவசரப்பட்டு முதலிலேயே முழுச் சூட்டைக் கொடுத்தால் கீழே கிளம்பும் நீராவி, இன்னும் குளிர்ந்திருக்கும் மேலடுக்கில் திரவமாகப் படியும். சுடுநீர் உருண்டைகளின் களிமண் பிணைப்பைக் கரைக்கும், உருண்டைகள் ஒட்டிக் கட்டியாகும், வாயு ஓட்டம் ஒரு பக்கமாக வழி பிடித்துக்கொள்ளும். அழுத்த இழப்பு மாதத்துக்கு மாதம் ஏறுவது இதன் அடையாளம். சூட்டைப் படிகளாக ஏற்றி, இடையில் 120 டிகிரியை ஒட்டி நிறுத்தி, நீர் பெரும்பாலும் வெளியேறிய பிறகு மேலே போவதுதான் மருந்து. கந்தகம் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவதால் சூடாக்கிய வாயுவில் ஓர் உச்சம் வரும். அந்த வாயுவை எங்கே அனுப்புவது என்பதைக் கலன் வடிவமைக்கும் நாளிலேயே தீர்மானிக்க வேண்டும். ஜியோலைட் கந்தகத்தை அழிப்பதில்லை. ஓரிடத்தில் சேர்த்து வைத்துப் பிறகு மொத்தமாகத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

பாடப் புத்தகங்கள் குறைவாகப் பேசும் ஒன்று: கார்பனைல் சல்ஃபைடு. ஹைட்ரஜன் சல்ஃபைடும் கரியமில வாயுவும் சேர்ந்தால் கார்பனைல் சல்ஃபைடும் நீரும் உண்டாகும். இது இருதிசை வினை, சாதாரணமாக மிகக் கொஞ்சமே நடக்கும். ஆனால் ஜியோலைட்டின் உள்ளே இந்த வினைக்கு ஊக்கம் கிடைக்கிறது, உண்டாகும் நீரையும் ஜியோலைட்டே பிடித்துக்கொள்கிறது. நீர் போய்விட்டால் வினை முன்னோக்கியே ஓடும். கார்பனைல் சல்ஃபைடு பலவீனமாகவே பிடிபடும், கலனைத் தாண்டிப் போய்விடும். ஈய அசிட்டேட் தாளில் அது கறுக்காது. பிறகு குழாயில் எங்காவது ஈரம் பட்டால் மறுபடி ஹைட்ரஜன் சல்ஃபைடாகிச் செம்பை அரிக்கும். "தாள் வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் செம்புத் தகட்டுச் சோதனை தோற்றுவிட்டது" என்றால் இதைச் சந்தேகியுங்கள். ஈரம் எடுப்பது மட்டும் நோக்கமாக இருந்தால் 3ஏ போடுவது நல்ல தீர்வு. ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ளேயே நுழையாது, வினைக்கும் இடமில்லை. அல்லது கரியமில வாயுவை முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடினால், செம்பு அயனி ஏற்றிய ஒய் வகை ஜியோலைட்டைப் பாருங்கள். சாதாரண வெப்பத்திலேயே டீசலில் உள்ள தயோஃபீன் வகைக் கந்தகச் சேர்மங்களை அது எடுக்கும் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் யாங் குழுவினர் 2003இல் காட்டினார்கள். அங்கேயும் ஈரம் பட்டால் திறன் சரிகிறது. ஊட்டி ஆய்வுக்கூடத்தில் ஜூலை மாதம் மாதிரியைத் திறந்து எடைபோட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் அளப்பது ஜியோலைட்டின் எடையோடு மூடுபனியின் எடையும்தான். 300 டிகிரியில் உலர்த்தி, மூடிய உலர்கலனில் ஆறவிட்டு, மூடிய குப்பியிலேயே எடை போடுங்கள்.

கேள்வி: எங்கள் தங்கும் விடுதிச் சமையலறையில் சிலிண்டர் தீரப்போகும்போது எல்பிஜி நாற்றம் அதிகமாகிறது. விருந்தினர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஜியோலைட் வடிகட்டி வைத்து நாற்றத்தை நீக்கலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கசிவைத் தெரிவிப்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை வேண்டுமென்று கலக்கிறார்கள். 13எக்ஸ் அதை எடுத்துவிடும் என்பது உண்மைதான். வாசனைத் தெளிப்பான் டப்பாக்களுக்கான எல்பிஜியிலிருந்து அப்படித்தான் நாற்றத்தை நீக்குகிறார்கள். அடுப்பு வாயுவில் அது இல்லாவிட்டால் கசிவு உங்களுக்குத் தெரியவே வராது.

கடைசியில் நாற்றம் கூடுவது கொதிநிலை வேறுபாட்டால். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேன் ஏறத்தாழ சுழியத்தில், மெர்காப்டன் 35 டிகிரியில். முதலில் புரொப்பேன் அதிகமாகப் போய்விடும், மெர்காப்டன் அடித் திரவத்தில் செறிந்து நிற்கும். கொடைக்கானல் குளிரில் இந்தப் பிரிவு இன்னும் கூர்மை. சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் வைப்பது, அடியில் தணல் காட்டுவது எதுவும் வேண்டாம். உறைபனி விழாத, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்தால் போதும். நாற்றத்தை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். உள்ளே துரு இருந்தால் மெர்காப்டன் அதில் வினைபுரிந்து நாற்றம் மங்கும். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் ரெகுலேட்டரிலும் டியூப் இணைப்பிலும் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: சிலிண்டரில் பயோகேஸ் நிரப்பும் சிறு அலகில் 13எக்ஸ் கலன் இரண்டு உண்டு. மழைக்காலம் ஆரம்பித்ததும் வெளியேறும் வாயு சரியில்லை. சரக்கைக் கொட்டித் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்துப் போடலாமா? கெட்டுவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், கூடலூர்

பதில்: கழுவாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து. நீர் ஜியோலைட்டுக்குள் புகும்போது பிடித்து வைத்த கந்தகம் முழுவதையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். கந்தகம் ஏறிய 13எக்ஸ் ஒரு கோணியை மூடிய கொட்டகையில் நனைத்தால் அந்த அறை சில நிமிடங்களில் ஆளை வீழ்த்தும் அறையாகிவிடும். இரும்பு ஆக்சைடை ஈரமாக வைக்க வேண்டும், ஜியோலைட்டை நனைக்கவே கூடாது. இரண்டும் ஒரே ஆலையில் இருப்பதால் வேலையாட்கள் மாற்றிச் செய்துவிடுகிறார்கள். டிரம்முக்கு மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

வெயில் எதற்கும் ஆகாது. நீரை வெளியேற்ற 250 முதல் 300 டிகிரி வேண்டும். அதோடு கலனுக்குள் உலர் வாயு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழையில் வெளிக்காற்று எப்போதும் ஈரம் நிறைந்தே இருக்கும். அதை ஊதி ஆறவைத்தால் சூடாக்கிப் பெற்றது எல்லாம் ஆறும்போதே போய்விடும். ஆறவைக்கும் வாயு ஏற்கெனவே உலர்ந்த வாயுவாக இருக்கட்டும். ஒருவேளை உங்கள் கோளாறுக்கு இதுவே காரணம். முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள்.

கலனில் காற்று கலந்தால் இன்னொரு கெடுதல் உண்டு. சூட்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆக்சிஜனும் சேர்ந்து தனிக் கந்தகமாகி நுண்துளைகளுக்குள்ளேயே தங்கிவிடும். எவ்வளவு சூடேற்றினாலும் பழைய திறன் திரும்பாது. உருண்டை மஞ்சளித்தோ கறுத்தோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

சோதிக்க எளிய வழி: கந்தகம் முழுதாக வெளியேற்றி, சூடாக்கி ஆறவைத்த சரக்கிலிருந்து மட்டும் 25 கிராம் எடுத்து, அதே வெப்பத்தில் இருக்கும் 25 மில்லி நீரில் வெட்டவெளியில் போட்டு வெப்பமானியால் கிளறாமல் பாருங்கள். நல்ல சரக்கு நீரை 20, 30 டிகிரிக்குக் குறையாமல் சூடாக்கும். திறக்காத டிரம்மிலிருந்து எடுத்த புதுச் சரக்கையும் அப்படியே சோதித்து ஒப்பிடுங்கள். பாதிக்கும் குறைவாக ஏறினால் சரக்கு ஓய்ந்துவிட்டது. கையில் ஈரத்தோடு புதுச் சரக்கை அள்ளாதீர்கள், தோல் வெந்துபோகும். கண்ணாடியும் தூசி முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

நிரப்பும் நாளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை, மதிய வெயிலில், டிரம்மைத் திறந்த அரை மணிக்குள் கலனை மூடிவிடுங்கள். மழைமாதத்தில் அவசரம் வந்தால் கலன் வாயைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உலர் நைட்ரஜன் மெல்ல ஓடவிட்டு நிரப்பலாம். நைட்ரஜன் ஓடும்போது கலனுக்குள் தலையை நீட்டக் கூடாது, அங்கே மூச்சுக்குக் காற்று இருக்காது. ஓய்ந்த சரக்கைக் கலனில் இருக்கும்போதே சூடாக்கிக் கந்தகத்தை வெளியேற்றி, பிறகு மூடிய டிரம்மில் அடைத்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். ஓடையோரத்தில் கொட்டினால் அடுத்த மழையில் மீதிக் கந்தகம் அங்கே கிளம்பும்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலை உலையில் விறகுக்குப் பதில் நிலக்கரி போட்டால் புகையில் வரும் கந்தகத்தை ஜியோலைட்டால் பிடிக்கலாமா?
– வாசகர், மஞ்சூர்

பதில்: பொருந்தாது. புகையில் வருவது கந்தக டைஆக்சைடு. கூடவே நீராவியும் சாம்பலும் ஏராளம். ஈரமும் அமிலமும் சேர்ந்தால் ஏ வகை, எக்ஸ் வகை ஜியோலைட்டுகளின் அலுமினியம் கரைந்து சட்டகமே உடைந்துபோகும். புகைக்குச் சுண்ணாம்புக் கரைசல் தெளிக்கும் கோபுரம்தான் முறை. விறகில் கந்தகம் மிகக் குறைவு என்பதால் இதுவரை உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாற்றுவதற்கு முன் கரியின் கந்தக விழுக்காட்டைச் சோதனைச் சான்றிதழில் பாருங்கள்.

கேள்வி: உரக்கடையில் மண்ணுக்குப் போட என்று ஜியோலைட் தூள் விற்கிறார்கள். மாட்டுக்கொட்டகை நாற்றத்துக்கும் பயோகேஸ் கந்தகத்துக்கும் அதையே போடலாமா?
– விவசாயி, பூம்பாறை

பதில்: கடையில் கிடைப்பது பெரும்பாலும் கிளினோப்டிலோலைட் என்ற இயற்கைக் கனிமம். அம்மோனியம் அயனியை அது நன்றாகப் பிடிக்கும். ஆகவே கொட்டகைத் தரையில் கோமியம் தேங்கும் இடத்தில் தூவினால் கண்ணெரிச்சல் குறையும். தூவியதைப் பிறகு எருக்குழியில் தள்ளினால் பிடித்த நைட்ரஜன் வயலுக்கே போய்ச் சேரும். மீன் வளர்ப்புத் தொட்டிகளிலும் அதற்குத்தான் போடுகிறார்கள். ஈர பயோகேஸில் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடிக்க அது உதவாது. அதற்கு மேலே சொன்ன இரும்பு ஆக்சைடு உருண்டையை வாங்குங்கள். பூண்டுத் தோலும் தண்டும் கலனுக்குள் போகிறதென்றால் சாணத்தின் பங்கைக் கூட்டி, ஈய அசிட்டேட் தாளால் வாரம் ஒரு முறை பார்த்துவாருங்கள்.